மதியம்வரை நிற்கும் பனி

2025 ஜனவரி 9, வியாழன்

ஏரியிலிருந்து எழும் பனி இந்த வருடம் அநியாயம். ஒன்பது மணிக்கும் விலகவில்லை. எதிர்ச் சாரி மருந்துக்கடையின் பெயர்ப்பலகை வெள்ளைத் துணிக்குப் பின்னால் இருப்பதுபோல் தெரிந்தது. மதியம் நெருங்கியபோதுதான் எல்லாம் துலங்கியது.

வேலைக்கு வந்த கோவிந்தம்மாளிடம், "இவ்வளவு பனியில வரியே, தலைக்கு ஒரு துணி கட்டக்கூடாதா?" என்றேன். துடைப்பத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "பனியா? வெயிலு சுள்ளுனு அட்ச்சிக்கினு கீது பாயம்மா."

இவள் எதைத்தான் கவனித்திருக்கிறாள்? பதினாறு வருடமாக இந்த வீட்டில் வேலை செய்கிறாள். இன்னும் படுக்கை விரிப்பை மூலைக்கு மூலை சேர்த்து மடிக்க வரவில்லை.

ஜனவரி 27, திங்கள்

பொங்கல் போய் எத்தனை நாளாகிவிட்டது. பனி போகவில்லை.

மார்ச் 4, செவ்வாய்

மானம் போயிற்று.

நோன்புக் கஞ்சிக்கு அரிசி நான்தான் பொறுக்குவேன். மற்றவர் கையில் விடுவதில்லை. என் கணவர் நெல் மண்டி வைத்திருந்த காலத்தில், மூட்டையைப் பிரித்ததும் ஒரு பிடியைக் காகிதத்தில் மடித்து என்னிடம்தான் அனுப்புவார். "நசீரா பார்த்துட்டாளா?" என்று கேட்டுவிட்டுத்தான் விலை பேசுவார். அப்படிப்பட்ட நான் பொறுக்கிய அரிசியில் இன்று கல். அதுவும் ஷாஹீதா வீட்டுக்குப் போன தூக்கில். ஷாஹீதா அவருடைய தங்கை. அடுத்த தெருவில் இருக்கிறாள். நோன்பு திறந்த கையோடு போன் செய்துவிட்டாள்.

"அண்ணி, கல்லைப் போட்டுக் காய்ச்சினா நோன்புக்கு ரெட்டை நன்மையா? என் கடவாய்ப் பல்லு போச்சு!"

சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். போனை வைத்த பிறகு சிரிப்பு வரவில்லை.

காலையில் அரிசியைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முறம் முழுக்க ஒரே வெள்ளையாக இருந்தது. பனி என்று நினைத்துக்கொண்டேன். மாசி வெயிலில், நடுக்கூடத்தில் பனியா? இரண்டு மாதமாக யாரை ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்?

பனி ஏரியில் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

பெருநாள் முடியட்டும் என்று காத்திருந்து இன்று காஞ்சிபுரம் கண் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். பஸ்ஸில் தனியாகப் போனேன். காலையில் பெயர்ப்பலகை தெரியாமல் வேறு பஸ்ஸில் ஏறப் பார்த்தேன். இதை மகன் அஸ்லமிடம் சொல்லப்போவதில்லை.

டாக்டர் நிஷா என் மகளாக இருக்கும் வயது. மேசை சுத்தமாக இருந்தது, பிடித்தது. நான்கு வருடத்துக்கு முன் புரை எடுத்த கண்தானே, லென்ஸில் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று நானே நோயைச் சொன்னேன். மறுக்காமல் கேட்டுக்கொண்டார். பிறகு ஒரு இயந்திரத்தில் முகவாயை வைக்கச் சொல்லிப் படம் எடுத்தார். திரையில் முதலில் வேறு யாருடையதோ ஆரோக்கியமான கண்ணைக் காட்டினார். தேன்கூடு. ஆறு மூலை அறைகள், இடைவெளி இல்லாமல், ஒரே அளவில். எவ்வளவு ஒழுங்கு! அடுத்து என்னுடையது. அறைகள் ஊதிக் கோணியிருந்தன. நடுநடுவே கறுப்பாகப் பொத்தல்கள். செல்லரித்த கம்பளிபோல.

"கருவிழிக்கு உள்பக்கம் ஒரே ஒரு வரிசை செல் இருக்கும்மா. ஒவ்வொண்ணும் ஒரு குட்டி மோட்டார். கருவிழிக்குள்ள வர்ற தண்ணியை ராவும் பகலும் வெளியே இறைச்சிக்கிட்டே இருக்கும். உங்களுக்கு நிறைய மோட்டார் நின்னு போச்சு. தூங்கும்போது கண்ணு மூடியிருக்கு, தண்ணி தேங்குது. காலைல பனி. கண்ணைத் திறந்து வச்சிருக்க வச்சிருக்கக் காத்துல கொஞ்சம் காயுது. மதியம் தெளியுது."

மதியத்துக்கு இப்படி ஒரு கணக்கு இருக்கிறதா!

நான் விடவில்லை. கான்வென்டில் சிஸ்டர் பெர்னதெத் வெங்காயத் தோலை நுண்ணோக்கியில் காட்டி நடத்திய பாடம் இன்னும் மறக்கவில்லை. செல் படம் வரைந்து, உட்கரு, சவ்வு என்று அளவுகோல் வைத்துப் பெயர் குறித்ததற்கு வகுப்பிலேயே முழு மதிப்பெண் எனக்குத்தான். "செல் செத்தால் பக்கத்துச் செல் இரண்டாகப் பிரிந்து இடத்தை நிரப்பும். அதுதானே விதி?" என்றேன்.

"தோலுக்கு அது சரி. கருவிழியோட வெளிப்பக்கத்துக்கும் சரி, அது வாரத்துக்கு ஒருதரம் புதுசாகும். உள்வரிசை மட்டும் பிரியாது. பொறக்கும்போது கொடுத்ததுதான். ஒண்ணு செத்தா பக்கத்துல இருக்கறது தன்னை இழுத்து அகலமாக்கிக்கிட்டு அந்த இடத்தையும் சேர்த்துப் பார்த்துக்கும்."

"ஏன் பிரியாது?"

"பிரியணும்னா ஒரு செல் வேலையை நிறுத்தி, பக்கத்துச் செல்லை விட்டுட்டு, உருண்டு திரளணும். இதுங்க கையை விடாது. வேலையையும் நிறுத்தாது."

பதில் சரியாகத்தான் இருந்தது. ஆனாலும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

வழி ஒன்றுதான். இறந்த ஒருவர் தானம் செய்த கண்ணிலிருந்து அந்த ஒற்றை வரிசையை மட்டும் உரித்து எனக்குள் வைப்பது. வலது கண்ணில் முதலில்.

யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன்.

ஏப்ரல் 12, சனி

அஸ்லம் பெரம்பூரிலிருந்து வந்தான். ஷாஹீதா எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறாள்.

"அம்மா, பேசாம எங்களோட வந்துடுங்க. இந்த வீட்டைப் பூட்டிடலாம். கண்ணு தெரியாம கேஸ் அடுப்புக்கிட்ட தனியா நின்னுக்கிட்டு..."

"கண் தெரியவில்லை என்று யார் சொன்னது?"

தன் கைபேசியில் ஏதோ எழுத்தை நீட்டினான். காலை எட்டு மணி. எனக்குத் தெரியவில்லை. அவன் வேண்டுமென்றே அந்த நேரத்தில் நீட்டவில்லை. அவனுக்கு அந்தச் சூது கிடையாது. அதுதான் இன்னும் வலித்தது.

கடைசியில் ஒரு உடன்பாடு. ஆபரேஷன் செய்துகொள்கிறேன். கண் தெளிந்தால் இங்கேயே இருப்பேன். தெளியாவிட்டால் பெரம்பூர். வாக்குக் கொடுத்தேன். நான் வாக்குக் கொடுத்தால் மாறமாட்டேன் என்று அவனுக்குத் தெரியும். பெரம்பூரில் மூன்றாவது மாடி. மருமகள் நல்ல பெண், குறையே சொல்ல முடியாது. ஆனால் அங்கே நான் விருந்தாளி. இங்கே கோவிந்தம்மாளைத் திட்டுவதற்காவது எனக்கு அதிகாரம் இருக்கிறது.

ஏப்ரல் 18, வெள்ளி

அடுத்தவர் பொருளை வாங்குவது எனக்குப் பழக்கமில்லை. அக்காள் போட்ட பாவாடையைக்கூட நான் போட்டதில்லை. வாங்கினால் திருப்பிக் கொடுக்கவேண்டும். பெயரும் ஊரும் தெரியாத, இறந்துபோன ஒருவருக்கு எதைத் திருப்பிக் கொடுப்பேன்?

ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் உபைதுல்லா ஹஜ்ரத்திடம் போனில் கேட்டேன். ஆபரேஷனுக்குப் பிறகு சில நாள் மல்லாந்தே கிடக்கவேண்டும் என்பதையும் சொன்னேன். "தேவைன்னு வந்துட்டா கூடும்மா. வாங்கிக்குங்க. கொடுத்தவங்களுக்காக அல்லாஹ்கிட்ட துஆ கேளுங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் படுத்துக்கினே, சைகையால தொழுதாப் போதும். அல்லாஹ் லேசாக்கித்தான் வச்சிருக்கான்" என்றார்.

படுத்துக்கொண்டு தொழுவதா? டைபாய்டில் கிடந்தபோதுகூட எழுந்து நின்று தொழுதவள் நான்.

மே 3, சனி

மாங்காய் நறுக்கும்போது விரலில் வெட்டிக்கொண்டேன். காலை நேரம். வேறென்ன.

மே 9, வெள்ளி

விரல் கூடிவிட்டது. மெல்லிய ரோஜாக் கோடு மட்டும் மிச்சம். நான் சொல்லாமலே, கேட்காமலே, இந்த விரலுக்குள் செல்கள் உருண்டு, உட்கருவை இரண்டு சமபாகமாக்கி, நடுவில் சுருங்கிப் பிரிந்து, தாய்க்கும் மகளுக்கும் வித்தியாசம் இல்லாமல் வரிசையில் நின்றிருக்கின்றன. வயதாகிவிட்டது, போதும் என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

விரலைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். மதியத்தில்தான். பிறகு ஆஸ்பத்திரிக்கு போன் செய்து என் பெயரை எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

ஜூன் 24, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலிருந்து போன். "கண்ணு வந்திருக்குங்கம்மா. நாளைக்கு வந்துடுங்க."

வந்திருக்கிறதாம். எங்கோ ஒரு வீட்டில் அழுகை இன்னும் ஓய்ந்திருக்காது. அந்த அழுகைக்கு நடுவில் ஒருவர் எழுந்துபோய் போன் செய்து, கண்ணை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார்.

ஜூன் 26, வியாழன்

பேனா மல்லாந்து எழுதாது. பென்சில்.

நேற்று முடிந்தது. அந்தப் படலத்தை நீலச் சாயத்தில் தோய்த்து, பிரியாணிப் பட்டைபோல் சுருண்டிருந்ததைக் கண்ணுக்குள் விட்டு, தட்டித் தட்டி விரித்தார்களாம். தையல் கிடையாது. கீழே ஒரு காற்றுக் குமிழி. அது மேலே எழும்பித் தாங்கிப் பிடித்திருக்கும். அதற்குள் செல்கள் ஒட்டிக்கொள்ளும். அதனால் கூரையைப் பார்த்தே படுத்திருக்கவேண்டும். சாப்பிட, கழிப்பறை போக மட்டும் எழலாம். குனியவே கூடாது. மாலையில் வீட்டுக்கு வந்தாயிற்று. கோவிந்தம்மாள் என்னோடு தங்கியிருக்கிறாள். அஸ்லமுக்கு லீவு இல்லை, போய்விட்டான்.

ஜூன் 27, வெள்ளி

கூரையில் ஒட்டடை இருக்கிறது. தெரிகிறது! மங்கலாகத்தான், ஆனாலும் தெரிகிறது. கோவிந்தம்மாளிடம் சொன்னேன்.

"கண்ணு தெறந்த மொத நாளே என் குத்தந்தான் தெரியுதா உனுக்கு... உங்களுக்கு?"

ஜூன் 28, சனி

முதுகு பலகையாகிவிட்டது. நாள் முழுக்கக் கண்ணிமையால் தொழுகை. குனிகிற ருகூஉக்கு இமையைக் கொஞ்சம் தாழ்த்துவது, நெற்றி தரையில் படுகிற ஸஜ்தாவுக்கு இன்னும் கொஞ்சம். தொழுத மாதிரியே இல்லை. ஏதோ சலுகைச் சீட்டில் பயணம் போவதுபோல்.

இரவல் கண். இரவல் தொழுகையுமா?

ஜூன் 29, ஞாயிறு

நேற்று மறைத்ததை எழுதிவிடுகிறேன்.

நேற்று மாலை அஸர் தொழுகை நேரத்தில் கோவிந்தம்மாள் பால் வாங்கப் போயிருந்தாள். எழுந்தேன். என் கோரைப்பாயை விரித்தேன். நின்றும் குனிந்தும் நான்கு ரக்அத், முழுசாக. ஒவ்வொரு ஸஜ்தாவிலும் நெற்றி தரையில் பட்டபோது எவ்வளவு நிம்மதி! முடித்துவிட்டுப் பாயைச் சுருட்டி, இடத்தில் வைத்து, மல்லாந்து படுத்துவிட்டேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்தேன்.

அவள் பால் சொம்போடு வாசலிலேயே நின்றாள்.

"நெத்தில இன்னாது அது? கோடு கோடா? பாய் அச்சு கீது!"

முக்காட்டை நெற்றிக்கு இழுத்துக்கொண்டேன்.

"டாக்டரம்மா அவ்ளோ சொல்லி அனுப்ச்சிது. என்னிய கதவுக்கு அப்பால அனுப்பிட்டு நீ இன்னா வேலை பண்ணிக்கினு கீற?"

பதினாறு வருடத்தில் அவள் என்னை நீ என்று கோபமாகச் சொன்னது இதுதான் முதல் தடவை. திருத்தவில்லை.

இன்று காலை வெள்ளை. ஒரு பக்கம் திரை தொங்குகிறது. முந்தாநாள் தெரிந்த ஒட்டடை தெரியவில்லை. கண் மருந்து விட்டேன். காத்திருந்தேன். மதியம் வந்தது, தெளியவில்லை.

ஏன் செஞ்சேன்? ஹஜ்ரத் சொன்னாரே. எனக்கே தெரியுமே! லேசாக்கித் தந்ததை வாங்கிக்க என்ன கொள்ளை எனக்கு? அல்லாஹ்வுக்காகவா செஞ்சேன், இல்லை நசீரா எந்தச் சலுகையும் வாங்கமாட்டா என்கிறதுக்காகவா - அந்த மனுஷர் வீட்டில அழுகைக்கு நடுவுல எழுந்து போய் போன் பண்ணினாங்களே, அவங்களுக்கு என்ன பதில் சொல்வேன்?

சொன்னால் அஸ்லம் வந்து வீட்டைப் பூட்டுவான். சொல்லாவிட்டால் கண் போகும்.

"நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டா?" என்று கைபேசியை மார்மேல் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். மறுபடி நீங்க ஆகிவிட்டேன்.

அஸ்லமின் எண்ணை நானே அழுத்தினேன். எல்லாவற்றையும் சொன்னேன். "கிளம்பி வர்றேன்" என்று மட்டும் சொன்னான்.

ஜூன் 30, திங்கள்

டாக்டரிடமும் என் வாயாலேயே சொன்னேன். "ஸஜ்தா செய்தேன். தெரிந்துதான் செய்தேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "கொத்தனார் வைக்கிற ரசமட்டம் பார்த்திருக்கீங்களா? அதுல குமிழி எப்பவும் மேலேதான் போகும். நீங்க மல்லாந்து இருந்தா குமிழிக்கு மேலே உங்க கருவிழி. நீங்க நெத்தியைத் தரையில வச்சா மேலே எது? கண்ணோட பின்பக்கம். குமிழி அங்க போயிடுச்சு. படலத்தை யார் தாங்குவா? ஓரம் பிரிஞ்சு தொங்குது."

"செல்கள் செத்துவிட்டனவா?"

"கொஞ்சம் போயிருக்கலாம். மத்தது உயிரோடதான் இருக்கும். இன்னொரு குமிழி விட்டுப் பார்ப்போம். ஒட்டலாம். ஒட்டாட்டி இன்னொருத்தர் கண்ணுக்காகக் காத்திருக்கணும்."

மறுபடி ஊசி, மறுபடி காற்று. வலிக்கவில்லை. அஸ்லம் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. திட்டியிருக்கலாம்.

ஜூலை 1, செவ்வாய்

கூரை. இமையால் தொழுதேன். ஐந்து வக்துத் தொழுகையும். ஒவ்வொன்றையும் நிறுத்தி, சொல் பிசகாமல்.

ஜூலை 2, புதன்

அஸ்லம் லீவு போட்டுவிட்டு இங்கேயே இருக்கிறான். இந்த முறை சாப்பிடக்கூட எழ விடாமல், நான் மல்லாந்து கிடக்க, கரண்டியால் கஞ்சி ஊட்டினான். தாடையில் வழிந்தது. கோவிந்தம்மாள் கதவருகில் நின்று, "அப்பிடியே கொயந்தைக்கு ஊட்றா மாதிரி கீது" என்று சிரித்தாள். அவன் சின்ன வயதில் வாயை இறுக மூடிக்கொள்வான். நான் திறந்தேன்.

ஜூலை 4, வெள்ளி

குறுகுறுவென்று ஒரு எண்ணம். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு. உட்கருவுக்குள் முழு ஆளுக்கான குறிப்பும் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. உயரம், நிறம், மூக்கு, எல்லாம். ஒரு வரி குறையாமல் ஒவ்வொரு செல்லிலும் இருக்கும் என்று சிஸ்டர் சொல்லியிருக்கிறார். அப்படியென்றால் என் வலது கண்ணில் இருக்கும் அந்த மனிதர் துண்டு துணுக்கு இல்லை. முழுதாக இருக்கிறார். அவர் செல் பிரியாது, என் செல்லாக மாறாது. நான் இருக்கும்வரை அவராகவேதான் தண்ணீர் இறைத்துக்கொண்டிருப்பார்.

பெயர் தெரியாதவருக்கு எப்படி துஆ கேட்பது என்று திணறிக்கொண்டிருந்தேன். பெயர் எதற்கு? இதைவிடப் பெரிய அடையாளம் இருக்கிறதா? 'என் கண்ணில் இருப்பவருக்கு' என்று கேட்டேன்.

ஜூலை 8, செவ்வாய்

காஞ்சிபுரம். டாக்டர் விளக்கை அடித்து நெடுநேரம் பார்த்தார். அஸ்லமின் மூச்சுச் சத்தம் எனக்குக் கேட்டது.

"ஓரம் உட்கார்ந்துடுச்சு. ஒட்டியிருக்கு. இனிமே அதுங்க வேலையை அதுங்க பார்க்கும். பொறுமையா இருங்க."

"நெற்றியைத் தரையில் வைப்பது எப்போது?"

சிரித்தார். "நான் சொல்ற வரைக்கும் கிடையாது. அதுவரைக்கும் நாற்காலி."

நாற்காலியில் உட்கார்ந்து தொழுதேன். என்ன குறைந்துபோயிற்று?

ஆகஸ்ட் 2, சனி

வெள்ளை விலகுகிறது. துணியைப் பிழிந்து உதறியதுபோல ஒவ்வொரு நாளும் கொஞ்சம். காலை ஏழுக்கே மருந்துக்கடைப் பலகை தெரிந்தது. அதில் ஒரு ஒற்றுப் பிழை இருக்கிறது. இத்தனை நாள் யாருமே சொல்லவில்லையா?

ஆகஸ்ட் 17, ஞாயிறு

அஸ்லம் வந்தான். முன்போலவே காலை எட்டு மணிக்குக் கைபேசியை நீட்ட வந்தவனை நிறுத்தினேன்.

"அதைப் பிறகு படிக்கிறேன். உன் சட்டையில் மூன்றாவது பொத்தானை ஏன் கறுப்பு நூலில் தைத்திருக்கிறார்கள்? மற்றதெல்லாம் வெள்ளை."

குனிந்து பார்த்தான். நிமிர்ந்தபோது அவன் கண் கலங்கியிருந்தது. அதுவும் தெரிந்தது.

"வேணாம்மா. நீங்க பெரம்பூருக்கெல்லாம் வர வேணாம். அங்க வந்தா எங்க நிம்மதி போயிடும்."

இதைக் கேட்டுக் கோவிந்தம்மாள் அடுப்படியிலிருந்து கத்தினாள். "என் நிம்மதிய யாரும் கேக்கல பாரு!"

செப்டம்பர் 22, திங்கள்

டாக்டர் அனுமதி கொடுத்தார். அந்தி மஃரிப் தொழுகைக்குக் கோரைப்பாயை விரித்தேன். கோவிந்தம்மாள் வாசலிலேயே நின்று முடியும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்ததும் என் நெற்றியைப் பார்த்தாள். "அச்சு நல்லா வியுந்துக்கீது" என்றாள்.

இடது கண்ணுக்கும் பெயர் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இந்த முறை யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லவில்லை.

அக்டோபர் 30, வியாழன்

ஷாஹீதாவுக்கு அரிசி பொறுக்கி அனுப்பினேன். அவள் கேட்கவில்லை. நான்தான்.

டிசம்பர் 11, வியாழன்

விடிந்ததும் மொட்டைமாடிக்குப் போனேன். ஏரிப் பக்கம் ஒன்றுமே இல்லை. எல்லாம் வெள்ளை.

கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டேன். வலது கண்ணைக் கையால் மூடினேன். இடது கண்ணில் வெள்ளை. அது வழக்கம். பிறகு இடதை மூடினேன். வலதிலும் வெள்ளை. ஆனால் என் விரல் ரேகை தெரிந்தது. கைப்பிடிச் சுவரில் ஊர்ந்த எறும்பு தெரிந்தது. எறும்பின் வாயில் இருந்த சர்க்கரைத் துணுக்குகூட.

கோவிந்தம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு படியேறி வந்தாள். "இன்னா பனி, இன்னா பனி! எதுக்க வர்ற ஆளு தெரியல. இங்க இன்னா பண்ணிக்கினு கீறீங்க, கீய வாங்க."

"கொஞ்சம் இரு" என்றேன்.

அவளும் நின்றாள். வெயில் ஏற ஏற விலகியது. முதலில் பனைகள், பிறகு கரை, பிறகு தண்ணீர்.